கார்புரேட்டர் மேல பழி போடாதீங்க

"கார்புரேட்டர் போச்சுண்ணே. மாத்திடலாம். இல்லேன்னா பேசாம டீசல் இன்ஜினை இறக்கிடலாம்."

இதே வார்த்தையை ஆறு மாசத்துல மூணு பட்டறையில கேட்டுட்டேன். மூணாவது தடவை எனக்குக் கோபமே வந்துடுச்சு. மாத்தச் சொன்னதுக்காக இல்ல. இன்ஜின் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காம சொன்னாங்களே, அதுக்காக.

அந்தக் கோபத்துலதான் நானே ஸ்பேனர் எடுத்தேன். ஒண்ணரை மாசம் ஆச்சு. என்ன கண்டுபிடிச்சேன்னு சொல்லியே ஆகணும்.

முதல்ல வண்டியைப் பத்திச் சொல்லிடுறேன். அப்பா வாங்கின பழைய மகிந்திரா எஃப்சி-150. நாலு சக்கரத்துக்கும் இழுவை உள்ள சின்ன டிரக். தாண்டிக்குடிப் பக்கம் எங்க தோட்டத்துல இருந்து மலைவாழைத் தாரையும் காப்பி மூட்டையையும் கீழே வத்தலக்குண்டுக்கு இறக்குறதுக்காக வாங்கினது. வில்லிஸ் கம்பெனி அமெரிக்காவுல 1956 கடைசியில கொண்டுவந்த மாடல். வரைஞ்சவர் ப்ரூக்ஸ் ஸ்டீவன்ஸ். அங்க நின்னு போன பிறகும் நம்ம ஊர்ல மகிந்திரா உரிமம் வாங்கிச் செஞ்சுக்கிட்டு இருந்தாங்க.

இந்த வண்டிக்கு மூக்கே கிடையாது. டிரைவர் சீட்டு முன் சக்கரத்துக்கு மேலயே இருக்கும். இன்ஜின் கேபினுக்குள்ள, நம்ம முழங்காலுக்குப் பக்கத்துல ஒரு தகரப் பெட்டிக்குள்ள உட்கார்ந்திருக்கும். ஜீப்புல வந்த அதே ஹரிக்கேன் இன்ஜின். 2,199 சிசி, நாலு சிலிண்டர், பெட்ரோல். இன்லெட் வால்வு மேல ஹெட்டுல, எக்ஸாஸ்ட் வால்வு கீழ பிளாக்குல. இன்லெட் மேனிஃபோல்டுன்னு தனியா கழட்ட ஒண்ணும் கிடையாது, ஹெட்டோட சேர்த்தே வார்த்திருப்பாங்க. அதுக்கு மேல சோலெக்ஸ் கார்புரேட்டர். (சோலெக்ஸ் உரிமத்துல இதையெல்லாம் நம்ம சென்னையிலேயே செஞ்சாங்க.)

மழைக்காலத்துல பெட்டியைத் திறந்து வச்சா கேபினே கதகதன்னு இருக்கும். சின்ன வயசுல அப்பா பக்கத்துல அந்தப் பெட்டி மேல துண்டை விரிச்சுப் படுத்துத் தூங்கினவன் நான். டீசலுக்கு மாத்துறதுன்னா எனக்கு ஏன் மனசு வரலேன்னு இப்பப் புரிஞ்சிருக்கும்.

சரி, கதைக்கு வருவோம்.

முதல் புகார், இழுவை இல்ல. சித்தரேவு தாண்டி ஏத்தம் ஆரம்பிச்சதும் வண்டி திணறும். மூணாவது கியர்ல ஏறின இடத்துல ரெண்டாவது போடணும். லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் கொடுத்தது அஞ்சுக்கு இறங்கிடுச்சு. இழுவை இல்ல, பெட்ரோல் குடிக்குதுன்னு சொன்னா யாரா இருந்தாலும் கார்புரேட்டரைத்தான் கை காட்டுவாங்க. முதல் பட்டறையில அதைக் கழட்டி, கழுவி, பேக்கிங் எல்லாம் புதுசு போட்டுக் கொடுத்தாங்க. அப்படியேதான் இருந்துச்சு.

பிடி கிடைச்சது ஒரு டீக்கடையில. பெரும்பாறையில டீ குடிக்க நிறுத்தினேன். ரோடு அங்க லேசா சரிவு. கியரை நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட் பிரேக் போட மறந்துட்டு இறங்கிட்டேன். அய்யோன்னு திரும்பிப் பார்த்தா வண்டி நகரவே இல்ல. அந்தச் சரிவுல அது உருண்டிருக்கணும்.

சுத்தி வந்து ஒவ்வொரு டிரம் பக்கத்துலயும் கையைக் கொண்டு போனேன். மூணு சக்கரம் சாதாரணச் சூடு. முன்னாடி இடது பக்கம் கிட்ட போகவே முடியல, கருகின வாடை. டீ கிளாஸ் கழுவுற தண்ணியை ரெண்டு சொட்டுத் தெளிச்சேன். தோசைக்கல்லுல தெளிச்ச மாதிரி சுர்ருன்னு ஆவியாச்சு.

கார்புரேட்டர் மேல ஒரு குத்தமும் இல்ல. இடது முன் பிரேக் பிடிச்ச பிடியை விடவே இல்ல. பாவம் அந்த இன்ஜின், பிரேக்கையும் சேர்த்து மலை மேல இழுத்துக்கிட்டுப் போயிருக்கு.

உங்க வண்டிக்கும் இழுவை குறைஞ்சா முதல்ல இதைச் செஞ்சு பாருங்க. லேசான சரிவுல நியூட்ரல்ல விட்டா உருளுதா? பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து டிரம் எல்லாம் ஒரே சூடா? (தொடாதீங்க. பக்கத்துல கை வச்சாலே தெரியும்.) காசு செலவில்லாத சோதனை.

அடுத்தது, அந்தப் பிரேக் ஏன் விடல? ரெண்டாவது பட்டறை, வீல் சிலிண்டர் ஜாம்னு சொல்லிப் புது கிட் போட்டாங்க. ரெண்டு நாள் நல்லா இருந்துட்டு மறுபடி பிடிச்சுக்கிச்சு. லைனிங் மாத்தணும்னாங்க, மாத்தியாச்சு. அடுத்து மாஸ்டர் சிலிண்டர்னு ஆரம்பிச்சப்ப, போதும்ணேன்னு வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன்.

வத்தலக்குண்டுல ஒரு பாய் இருக்கார். எழுபதைத் தாண்டினவர். இப்ப பட்டறை நடத்தல, மகன் கடை வாசல்ல உட்கார்ந்திருப்பார். அப்பா காலத்துல இந்த வண்டியைப் பார்த்தவர். அவர்கிட்டப் போய் எல்லாத்தையும் சொன்னேன்.

"பாய், மாஸ்டர் மாத்தணுங்கிறாங்க."

"எத்தனை சக்கரம் பிடிக்குது தம்பி?"

"ஒண்ணுதான்."

"ஒரு சக்கரம்னா அந்தச் சக்கரத்து ஹோஸைப் பாரு. பின்னாடி ரெண்டும் சேர்ந்து பிடிச்சா பின் ஆக்ஸிலுக்குப் போற ஹோஸைப் பாரு. நாலும் பிடிச்சாத்தான் மாஸ்டர்கிட்டயே போகணும்."

அவ்வளவுதான் சொன்னார். மூணு பட்டறையில ஆன செலவை நினைச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலையில ஜாக்கி போட்டேன். இங்க ஒரு விஷயம் அவசியம் சொல்லணும், உயிர் சம்பந்தப்பட்டது. இந்த ஜீப் வகை வண்டிகள்ல ஹேண்ட் பிரேக் சக்கரத்துல வேலை செய்யாது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால, புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிற மாதிரி தனியா ஒரு சின்ன டிரம் இருக்கும். பின் சக்கரத்துல ஒண்ணைத் தூக்கிட்டீங்கன்னா, ஹேண்ட் பிரேக் முழுசாப் போட்டிருந்தாலும் வண்டி உருளும். ஷாஃப்டு நின்னிருக்கும், ஆனா டிஃப்ரென்ஷியல் வழியா தூக்கின சக்கரம் எதிர்ப்பக்கம் சுத்தி, தரையில இருக்கிற சக்கரத்தை விட்டுடும். அதனால எந்தச் சக்கரத்தைத் தூக்கினாலும், தரையில இருக்கிற சக்கரத்துக்கு முன்னாலயும் பின்னாலயும் நல்ல கல்லா வச்சு அடைகொடுங்க. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போகாதீங்க.

லீவுக்கு வந்திருந்த மக பெடல் மேல உட்கார்ந்தா. நான் சக்கரத்துப் பக்கம். கையால சுத்தினேன், லேசா சுத்துச்சு.

"அழுத்தும்மா."

"அழுத்திட்டேன்ப்பா."

"விடு."

விட்டா. சக்கரம் அசையல. ரெண்டு கையாலயும் திருப்பினாலும் அசையல.

இப்ப ஏர் எடுக்கிற நிப்பிளைக் கால் சுத்து லூஸ் பண்ணேன். பிரேக் ஆயில் பீச்சுன்னு ஒரு தடவை அடிச்சுது. சக்கரம் ஃப்ரீ. அப்ப ஷூவோ ஸ்பிரிங்கோ இறுகலைன்னு முடிவாச்சு. ஆயில் அழுத்தம்தான் உள்ளயே மாட்டிக்கிட்டு இருந்திருக்கு.

நிப்பிளை டைட் பண்ணிட்டு மறுபடி அழுத்தச் சொன்னேன். மறுபடி பிடிச்சுக்கிச்சு. இந்தத் தடவை நிப்பிளைத் தொடாம, ரப்பர் ஹோஸ் இரும்புக் குழாயோட சேர்ற இடத்துல நட்டை லூஸ் பண்ணேன். ரெண்டு சொட்டு கசிஞ்சுது. சக்கரம் அப்படியே இறுகி நின்னுச்சு. அந்த இடம் வரைக்கும் அழுத்தம் இல்ல, அதைத் தாண்டி இருக்கு. அப்ப அடைப்பு ஹோஸுக்குள்ளதான்.

அங்க சக்கரம் ஃப்ரீ ஆகியிருந்தா அடைப்பு அதுக்கும் மேல, மாஸ்டர் பக்கம்னு அர்த்தம். அப்ப முதல்ல பெடல் ஃப்ரீ பிளே பார்க்கணும். பெடலை விரலால அழுத்தினா அரை இன்ச் சும்மா போகணும். அது இல்லேன்னா உள்ள இருக்கிற பிஸ்டன் முழுசாப் பின்னால வராது. ஆயில் திரும்புற பொடித் துளை மூடியே கிடக்கும். நாலு சக்கரமும் மெல்ல மெல்ல இறுகிக்கிட்டே வரும். ஒரு நட்டை அட்ஜஸ்ட் பண்ணினா சரியாப் போற விஷயத்துக்கு மாஸ்டர் சிலிண்டரையே மாத்தினவங்க நிறைய பேர்.

ஹோஸைக் கழட்டி வாயில வச்சு ஊதினேன். மாஸ்டர் பக்கத்துல இருந்து மூச்சைக் கட்டி ஊதினா கொஞ்சமாப் போச்சு. சக்கரத்துப் பக்கத்துல இருந்து சுத்தமாப் போகல. பிளேடு வச்சு நீளவாக்குல அறுத்துப் பார்த்தேன். வெளியில ஒரு வெடிப்புகூட இல்ல, கறுப்பா பளபளன்னு இருக்கு. உள்ள ரப்பர் ஊறி, வீங்கி, ஒரு இடத்துல தோல் உரிஞ்சு நாக்கு மாதிரி தொங்கிக்கிட்டு இருக்கு. கால்ல அழுத்துற வேகத்துக்கு ஆயில் அந்த நாக்கைத் தள்ளிக்கிட்டுப் போயிடும். திரும்பி வரும்போது ஷூ ஸ்பிரிங்கோட பலம் மட்டும்தான், அந்த நாக்கு வழியை அடைச்சுக்கும்.

இத்தனூண்டு ரப்பர் நாக்குக்காகத்தான் லைனிங், கிட், கார்புரேட்டர் பேக்கிங் எல்லாம் மாத்தியிருக்கோம்.

எல்லா ஹோஸும் புதுசு போட்டேன். பழசுல ஒண்ணு இப்படிப் போச்சுன்னா மத்ததும் அதே வயசுதானே. ஆயிலையும் முழுசா மாத்தினேன். டாட் 3 ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கும். புதுசா இருக்கிறப்ப அதோட கொதிநிலை குறைஞ்சது 205 டிகிரி. ஈரம் ஏறின பிறகு 140 வரைக்கும் இறங்கலாம். மலை இறக்கத்துல டிரம் சூடாகி உள்ள ஆயில் கொதிச்சா, பெடல் பஞ்சு மாதிரி கீழே போயிடும். இந்த வண்டியில பிரேக் லைன் ஒரே ஒரு சர்க்யூட்தான். ஒரு இடத்துல போச்சுன்னா நாலு சக்கரமும் போச்சு. எங்க ரோட்டுல அதுக்கு என்ன அர்த்தம்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

ஏர் எடுக்கிறப்ப மாஸ்டருக்குத் தூரமான சக்கரத்துல ஆரம்பிக்கணும். நமக்கு வலது பக்க ஸ்டீயரிங், அதனால பின் இடது, பின் வலது, முன் இடது, கடைசியா முன் வலது. ரப்பர் வாசரை எல்லாம் பெட்ரோல்லயோ மண்ணெண்ணெயிலயோ கழுவாதீங்க, ஊதிப் போயிடும். பிரேக் ஆயிலாலயே கழுவுங்க. டிரம்முல இருக்கிற தூசியை வாயால ஊதவே ஊதாதீங்க. பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும், ஈரத்துணியால துடைச்சு எடுங்க.

பிரேக் முடிஞ்சதும் வண்டி பறந்துச்சு. ஒரு வாரம்.

அப்புறம், ஏற்கனவே இருந்த ரெண்டாவது புகார் திரும்பத் தலைதூக்குச்சு. ஏத்தத்துல இருபது நிமிஷம் ஏறினதும் ஒரு மிஸ்ஸிங், ரெண்டு இருமல், ஆஃப். கால் மணி நேரம் நிறுத்தி வச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். திரும்ப ஏறினா திரும்ப ஆஃப்.

மூணாவது பட்டறையில "கார்புரேட்டர்தாண்ணே"ன்னு சொன்னது இதுக்குத்தான்.

சூடாகி நிக்கிற இன்ஜினுக்கு ரெண்டு காரணம்தான் இருக்க முடியும். நெருப்பு இல்ல, இல்லேன்னா பெட்ரோல் இல்ல. எதுன்னு தெரியணும்னா நின்ன அந்த நிமிஷமே பார்க்கணும். பட்டறைக்கு இழுத்துட்டுப் போய் ஆற வச்சுப் பார்த்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும்.

அதனால வேணும்னே மலை ஏறினேன். நின்ன இடத்துல பெட்டியைத் திறந்து, ஏர் கிளீனர் குழாயைக் கழட்டி, டார்ச் அடிச்சு கார்புரேட்டர் தொண்டைக்குள்ள பார்த்தேன். கையால த்ராட்டிலைத் திறந்தா உள்ள பம்ப் ஜெட்டுல இருந்து பெட்ரோல் ஊசி மாதிரி பீச்சணும். பீச்சினா கிண்ணத்துல பெட்ரோல் இருக்கு, அப்ப பிளாட்டினம், கண்டென்சர், காயில் பக்கம் போகலாம். (கண்டென்சர் சூடானா மட்டும் கெட்டுப் போறதும் உண்டு.) எனக்கு ஒரு சொட்டுகூட வரல.

சாப்பாடே வராத கார்புரேட்டரைக் குத்தம் சொல்லி என்ன புண்ணியம்?

அங்கிருந்து ஒவ்வொரு படியா பின்னால போனேன். முதல்ல டேங்க் மூடி. காத்துத் துளை அடைச்சிருந்தா மூடியைத் திறக்கும்போது உஸ்ஸுன்னு காத்து உள்ள இழுக்கும். இழுக்கல. அடுத்து பெட்ரோல் பம்ப். கேபினுக்குள்ள இருக்கிற சூட்டுல பெட்ரோல் ஆவியாகி லாக் ஆகுதோன்னு சந்தேகம், இந்த மாடலுக்கு அது சகஜம். ஈரத்துணியைப் பம்ப் மேல சுத்தினேன். ஒண்ணும் மாறல. பம்ப்ல இருந்து கார்புரேட்டருக்குப் போற குழாயைக் கழட்டி ஒரு பாட்டில்ல விட்டு, காயில் வயரைக் கழட்டி வச்சுட்டு, மகளை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். சொட்டு சொட்டா வந்துச்சு. வெட்டி வெட்டி அடிக்கணும். (சூடான இன்ஜின் பக்கத்துல பெட்ரோலைத் திறந்து செய்யுற வேலை இது. ரொம்ப ஜாக்கிரதையாத்தான் செஞ்சேன், பக்கத்துல ஒரு வாளி மணலும் வச்சிருந்தேன்.)

பம்ப் டயஃப்ரம் போயிருக்கும்னு நினைச்சேன். ஆனா பம்ப்போட வாய்க்கு நேரா ஒரு தனிக் குழாய் மாட்டி, பெட்ரோல் கேன்ல விட்டு அடிச்சா அது கச்சிதமா வெட்டி வெட்டி அடிக்குது. அப்ப பம்ப்பும் நல்ல பம்ப்.

மிச்சம் இருக்கிறது சேசிஸ் குழாய்க்கும் பம்ப்புக்கும் நடுவுல ஒரு முழ நீளத்துக்கு ரப்பர் ஹோஸ். போன வருஷம் நான் மாட்டினது. கடையில சாதாரண ஹோஸ் கொடுத்தாங்க, நானும் கேக்காம வாங்கிட்டேன்.

தொட்டேன். பழுத்த வாழைப்பழம் மாதிரி கொழகொழன்னு இருந்துச்சு.

நடந்தது இதுதான். 2023 பிப்ரவரியில சில பங்க்ல ஆரம்பிச்சு, 2025க்குள்ள நாடு முழுக்க 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துடுச்சு. எத்தனால் தாங்காத ரப்பரை அது ஊற வச்சு இளக்கிடும். வண்டி ஆறியிருக்கிறப்ப ஹோஸ் விறைப்பா நிக்கும். ஏத்தத்துல இன்ஜின் சூடாகி, பம்ப் வேகமா உறிஞ்சினா, உறிஞ்சு குழல் சப்பையாகுற மாதிரி ஹோஸ் உள்ளுக்குள்ள ஒட்டிக்கும். நிறுத்தி ஆற வச்சா மறுபடி விரிஞ்சுக்கும்.

மறுபடியும் ஒரு ரப்பர் ஹோஸ்! இதுவும் வெளியில பார்க்க நல்லா இருந்து, உள்ள செத்துப் போனது.

நல்ல ஹோஸ், எத்தனாலுக்குத் தாங்குறதுன்னு கேட்டு வாங்கி மாட்டினேன். நிக்கிற புகார் அதோட முடிஞ்சுது.

கார்புரேட்டர்ல ஒண்ணுமே இல்லையான்னு கேப்பீங்க. இருந்துச்சு, சின்னது. கிண்ணத்தோட அடியில வெள்ளைப் பொடி, எத்தனால் இழுத்துக்கிட்டு வந்த ஈரம் உலோகத்தை அரிச்ச அடையாளம். ஃப்ளோட்டைக் காதுகிட்ட ஆட்டினா உள்ள பெட்ரோல் சத்தம் கேட்டுது. கொதிச்ச தண்ணியில முக்கினேன் (அடுப்பை அணைச்சுட்டு, வெளியில கொண்டு போய்), ஒரு ஓரத்துல இருந்து முத்து முத்தா குமிழி வந்துச்சு. ஓட்டை அங்க. ஈயப் பத்து வச்சாச்சு. ஜெட்டுக்குள்ள கம்பி விடாதீங்க, பித்தளை ரொம்ப மெது, துளை பெருசாயிடும். நான் தூண்டில் நரம்பு விட்டு எடுத்து, காத்து அடிச்சேன்.

அப்புறம் பிளக். ஒரு கிலோ பெட்ரோல் முழுசா எரிய 14.7 கிலோ காத்து வேணும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அப்ப பழைய ஜெட்டுல 20 சதவீதக் கலப்பைக் கொடுத்தா காத்து கொஞ்சம் மிஞ்சிடும். பிளக் முனை வெளுத்துப் போய் இருந்துச்சு. அடுத்த சைஸ் மெயின் ஜெட் போட்டேன். இப்ப வறுத்த காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்திருக்கு. எங்க ஊர்க்காரங்களுக்கு அந்த நிறத்தை விளக்கத் தேவையில்ல.

கடைசியில கார்புரேட்டருக்கு ஆன செலவு, ஈயப் பத்தும் ஒரு ஜெட்டும்.

வீட்டுல பழைய வண்டி வச்சிருக்கீங்களா? பிரேக் ஹோஸ் எப்ப மாத்தினீங்கன்னு இன்னைக்கே யோசிச்சுப் பாருங்க. ஞாபகம் வரலேன்னா மாத்திடுங்க. பெட்ரோல் ஹோஸை ஒரு தடவை விரலால நசுக்கிப் பாருங்க. யாராவது எதையாவது மாத்தணும்னு சொன்னா, "எங்க வரைக்கும் வருது, எங்க நிக்குது?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பதில் இல்லேன்னா வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க.

நேத்து நாப்பது தார் வாழை ஏத்திக்கிட்டு வத்தலக்குண்டு போனேன். பாய்க்கு ஒரு சீப்பு கொடுத்தேன். திரும்பி ஏறி வந்து, பலாமரத்தடியில நிறுத்திட்டு ஒவ்வொரு டிரம் பக்கத்துலயும் கை வச்சுப் பார்த்தேன்.

நாலும் ஒரே சூடு.